படப்பெட்டி யாரிடம் இருக்கிறது? காலனிய எதிர்ப்பு ஆவணப்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு சனிக்கிழமை மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி ஆவணப்படம் போடுகிறோம். போன வருஷம் முழுக்கக் காலனியம், அதை எதிர்த்த போராட்டங்கள் பற்றிய படங்கள்தான். படம் முடிந்து டீ வந்ததும் திரும்பத் திரும்ப அதே கேள்விகள் வருகின்றன. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை, எது வேண்டுமோ அதைப் படியுங்கள்.

வெள்ளைக்காரன் போய் எவ்வளவு காலமாச்சு? இன்னும் எதை நீக்குவது "காலனிய நீக்கம்"?

இந்தச் சொல் இரண்டு காரியத்தைக் குறிக்கிறது, அதுதான் குழப்பம். ஒன்று, கொடி இறங்குவது. ஆட்சி கைமாறுவது, ராணுவம் கப்பலேறுவது. அது பெரும்பாலான நாடுகளில் 1940-களிலிருந்து 1970-களுக்குள் முடிந்துவிட்டது. மற்றது, கொடி இறங்கிய பிறகும் மிச்சமிருக்கும் வரிசை: யார் முழு மனிதர், யாருடைய அறிவுக்கு "அறிவு" என்று பெயர், யாருடையதற்கு "நம்பிக்கை" என்று பெயர், யாருக்கு எந்த வேலை, என்ன கூலி என்கிற வரிசை. பெரு நாட்டுச் சமூகவியலாளர் அனிபால் கிஹானோ இதைத்தான் காலனியாட்சியிலிருந்து தனியாகப் பிரித்துக் காட்டினார். ஆட்சி போய்விடும், வரிசை போகாது என்றார். கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தில் நாவல் எழுதுவதை விட்டுக் கிக்குயு மொழிக்குப் போனதும் இந்த இரண்டாவது காரியத்துக்காகத்தான்.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். 1953-இல் கிறிஸ் மார்க்கர், அலென் ரெனே, கிஸ்லென் கிளோக்கே மூவரும் எடுத்த ஒரு குறும்படம், 'சிலைகளும் சாகின்றன'. அது எழுப்பும் கேள்வி ரொம்ப எளிமையானது: கிரேக்கச் சிலையும் எகிப்தியச் சிலையும் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்க, ஆப்பிரிக்கச் சிலை மட்டும் ஏன் மனித இன அருங்காட்சியகத்தில் இருக்கிறது? அதாவது அவையெல்லாம் கலை, இது மட்டும் மாதிரிப் பொருள். கேட்டது இவ்வளவுதான். பிரெஞ்சு சென்சார் பல வருஷம் அந்தப் படத்தை முழுசாகக் காட்ட விடவில்லை.

இதையெல்லாம் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாமே, ஆவணப்படம் எதற்கு?

படியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் காலனியாதிக்கம் துப்பாக்கியோடும் கணக்குப் புத்தகத்தோடும் கேமராவையும் கையோடு கொண்டுவந்தது என்பதை மறக்கக் கூடாது. 1939-இல் பிரிட்டன் தன் காலனிகளுக்கென்றே தனியாக ஒரு திரைப்படப் பிரிவு தொடங்கியது. அதை நடத்திய வில்லியம் செல்லர்ஸ் முன்னதாக நைஜீரியாவில் சுகாதாரப் படம் காட்டிக்கொண்டிருந்தவர். ஆப்பிரிக்கர்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது, அதனால் வேகமான வெட்டு கூடாது, கேமரா தந்திரம் கூடாது, எல்லாம் மெதுவாக நகர வேண்டும் என்பது அவருடைய கோட்பாடு. அந்தக் கோட்பாட்டை வைத்தே வருஷக்கணக்கில் படம் எடுத்துத் தள்ளினார்கள்.

அந்தக் காலத்துக் கதை ஒன்று உண்டு, பலரும் மேற்கோள் காட்டுவது. வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கக் கூடாது என்று விளக்கும் ஐந்து நிமிஷப் படத்தை ஒரு கிராமத்தில் போட்டிருக்கிறார்கள். முடிந்ததும் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "கோழி" என்றார்களாம். எடுத்தவர்களுக்கே தெரியாது படத்தில் கோழி இருப்பது. திரும்பப் போட்டுப் பார்த்தால் ஒரு மூலையில் ஒரே ஒரு விநாடி ஒரு கோழி குறுக்கே ஓடுகிறது! இவர்களுக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை என்பதற்கு ஆதாரமாகவே இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கென்னவோ அந்தக் கிராமத்துக்காரர்கள்தான் படத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. பாடம் நடத்த வந்தவன் தன் படத்தில் என்ன இருக்கிறது என்றே பார்க்கவில்லை, இவர்கள் மூலை வரை பார்த்திருக்கிறார்கள். பின்னால் வந்த காலனிய எதிர்ப்பு ஆவணப்படங்களில் பாதி இந்தக் கோழியைத் தேடுகிற வேலைதான். ஆண்டவர்கள் எடுத்த படத்திலேயே, அவர்கள் கவனிக்காமல் விட்ட மூலையைத் தேடுவது.

ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

'ஆஃப்ரிக் 50'. பதினேழு நிமிஷம்தான், இணையத்தில் தேடினால் கிடைக்கும்.

எடுத்தவர் ரெனே வோத்தியே, 1928-இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். பதின்ம வயதிலேயே நாஜிகளை எதிர்த்த தலைமறைவு இயக்கத்தில் இருந்தவர். 1949-இல், இருபத்தொரு வயதுப் பையனாக இருக்கும்போது, பிரான்சின் ஒரு கல்விச் சங்கம் அவரை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறது. நம் ஆட்சியில் அங்குள்ள கிராமத்து மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான் வேலை. அங்கே போய்ப் பார்த்ததை அவர் எடுத்துவிட்டார், சிக்கல் அங்கே ஆரம்பித்தது.

அப்போது லவால் ஆணை என்று ஒரு சட்டம் இருந்தது. 1934-இல் கொண்டுவந்தது, கொண்டுவந்தவர் அப்போதைய காலனி அமைச்சர் பியர் லவால். பிரெஞ்சு ஆப்பிரிக்கக் காலனிகளில் யார் படமெடுத்தாலும் முன்கூட்டியே நிர்வாகத்தின் அனுமதி வாங்க வேண்டும். வோத்தியே அனுமதியும் வாங்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை. எடுத்த ரீல்களைப் பறிமுதல் செய்தார்கள். ஐம்பது ரீலில் பதினேழைத்தான் அவரால் மீட்க முடிந்தது. அதை வைத்து எடிட் செய்த படம்தான் இது. அப்புறம் வழக்கு, சிறை, நாற்பது வருஷத்துக்கு மேல் தடை. 1990-களில்தான் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகம் ஒரு பிரதியை அவரிடமே திருப்பிக் கொடுத்தது.

படம் எப்படி இருக்கும் என்றால், முதல் சில நிமிஷம் நிஜமாகவே பள்ளிக்கூடப் படம் மாதிரி போகிறது. ஆறு, படகு, சிரிக்கும் பிள்ளைகள், வேலை செய்யும் கைகள், வோத்தியேயின் இதமான குரல். பிறகு அதே குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறுகிறது. பெரிய கம்பெனிக்குக் கணக்கெழுத ஆள் தேவைப்பட்டால் இங்கே பள்ளிக்கூடம் திறப்பார்கள், உடலுழைப்புக்கு ஆள் குறைந்தால் வைத்தியர் வருவார் என்கிறது. அணையின் மதகை மனிதர்கள் கையால் இயக்குகிறார்கள், ஏனென்றால் இயந்திரத்தைவிட அவர்கள் மலிவு. அப்புறம் பலாக்கா என்ற கிராமம். வரி கட்டாத குற்றத்துக்கு ராணுவம் என்ன செய்தது என்பதை இடிந்த சுவர்களுக்கு நடுவே நின்று சொல்கிறார். கம்பெனிகளைப் பெயர் சொல்லியே பட்டியல் போடுகிறார். இன்றைக்குப் பார்த்தாலும், இதை இருபத்தொரு வயதில் ஒருவன் செய்தானா என்று கேட்கத் தோன்றும். எங்கள் மாடியில் இது முடிந்தபோது கொஞ்ச நேரம் யாரும் டீயைத் தொடவில்லை.

அழகாக எடுத்த பழைய படங்களையும் இப்படிச் சந்தேகமாகத்தான் பார்க்கணுமா?

அழகை ரசிப்பதில் ஒன்றும் தப்பில்லை. பேசில் ரைட் 1934-இல் எடுத்த 'சாங் ஆஃப் சிலோன்' அப்படிப்பட்ட அழகுதான், ஆவணப்பட வரலாறு எழுதுகிறவர்கள் அதைத் தாண்டிப் போவதே இல்லை. பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார வாரியம். பின்னணிக் குரலில் வருவது ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681-இல் வெளியிட்ட இலங்கைக் குறிப்புகள், வாசித்தவர் கொழும்புக் கலைஞர் லயனல் வெண்ட். மூன்றாவது பகுதியில் தேயிலையும் தென்னையும் காட்டிக்கொண்டே ஒலியில் சந்தை விலைகளைக் கலந்திருப்பார்கள். அந்த இடம் விளம்பரமா, கிண்டலா என்று இன்றுவரை ஆய்வாளர்கள் சண்டை போடுகிறார்கள்.

எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. அந்த மலையில் கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகளின் பிள்ளைகள். தேயிலைக்காக எடுத்த படத்தில் பேசுகிற குரல் அவர்களுடையதில்லை, 250 வருஷம் முந்திய ஒரு ஆங்கிலேயருடையது. படத்தை ரசித்தபடியே இதையும் யோசிக்கலாம், இரண்டும் ஒன்றாகவே நடக்கும்.

'பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' ஆவணப்படம்தானே?

இல்லை. 1966-இல் பொண்டகொர்வோ எடுத்த கதைப்படம். ஒரு அடி கூட நியூஸ்ரீல் அதில் கிடையாது, எல்லாமே நடித்து எடுத்தது. ஆவணப்படம் மாதிரித் தோன்ற வேண்டும் என்றே அப்படி எடுத்தார்கள். அல்ஜியர்ஸ் போராட்டத் தலைவர்களில் ஒருவரான யாசெஃப் சாதி, ஏறக்குறைய தன்னுடைய வேடத்திலேயே அதில் நடித்திருக்கிறார். 2003-இல் பென்டகனில் அதைப் போட்டுப் பார்த்தார்கள், ஈராக்கில் அமெரிக்கா மாட்டிக்கொண்ட நேரத்தில்.

பிரான்சை எதிர்த்து நடந்த அந்த அல்ஜீரிய விடுதலைப் போர் பற்றி நிஜ ஆவணப்படம் வேண்டுமென்றால் ழாக் பனிஜெல் 1962-இல் முடித்த 'அக்டோபர் ஆ பாரி'. 1961 அக்டோபர் 17 அன்று பாரிஸ் தெருக்களில் ஊரடங்கை எதிர்த்து ஊர்வலம் போன அல்ஜீரியர்களைப் போலீஸ் அடித்துக் கொன்று சேன் ஆற்றில் வீசியது. தப்பியவர்கள் அடுத்த சில மாதங்களில் கேமரா முன் சொன்ன சாட்சியம் அது. அந்தப் படத்தையும் தடை செய்தார்கள். 1973-இல் அதற்கு அனுமதி கேட்டு உண்ணாவிரதம் இருந்தது யார் தெரியுமா, நம்ம வோத்தியேதான். அடுத்தவர் படத்துக்காகப் பட்டினி கிடந்த இயக்குநர் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவர் படத்தையும் போடுவோம்.

ஃபனோன் படிக்காமல் 'கன்சர்னிங் வயலன்ஸ்' பார்த்தால் புரியுமா?

புரியும், படத்தில் ஃபனோனையேதான் வாசிக்கிறார்கள். ஃபிரான்ஸ் ஃபனோன் மார்த்தினிக் தீவில் பிறந்தவர், மனநல மருத்துவர். 1953-இலிருந்து அல்ஜீரியாவில் பிளிதா மருத்துவமனையில் வேலை பார்த்தார், சித்திரவதை செய்தவனும் அனுபவித்தவனும் அவரிடமே சிகிச்சைக்கு வந்தார்கள். 1956-இல் வேலையை விட்டுவிட்டு விடுதலை இயக்கத்தோடு போனார். 1961 டிசம்பரில் ரத்தப் புற்றுநோயில் இறந்தபோது வயது 36. கடைசிப் புத்தகம் அந்த வருஷமே வந்திருந்தது. அதன் முதல் அத்தியாயம் வன்முறை பற்றியது. அதைத்தான் ஸ்வீடன்காரர் யோரன் ஹூகோ ஓல்சன் 2014-இல் படமாக்கினார். அமெரிக்கப் பாடகி லாரின் ஹில் குரலில் வாக்கியங்கள், திரையில் பெரிய வெள்ளை எழுத்தில் அதே வாக்கியங்கள், பின்னால் 1960-கள், 70-களில் ஸ்வீடன் தொலைக்காட்சிக்காரர்கள் ஆப்பிரிக்காவில் எடுத்த காட்சிகள்.

ஆனால் எனக்கு மனதில் தங்கியது துப்பாக்கிக் காட்சி எதுவும் இல்லை. தான்சானியாவில் ஒரு ஸ்வீடன் மிஷனரித் தம்பதி. வெயிலில் உள்ளூர் ஆட்கள் கட்டட வேலை செய்கிறார்கள், இவர்கள் இருவரும் நின்று பேட்டி கொடுக்கிறார்கள். என்ன கட்டுகிறீர்கள் என்றால், தேவாலயம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி? அதெல்லாம் பிறகு. இங்கே பலதார மணத்தை நிறுத்த வேண்டும் என்கிறார்கள். பேட்டி எடுப்பவர் மெதுவாகக் கேட்கிறார்: ஒருத்திக்கு ஒருவன் என்பது மதம் சொல்வதா, இல்லை ஐரோப்பிய வழக்கமா? இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். கூச்சத்தோடு ஒரு சிரிப்பு. பதில் வரவில்லை. கெட்டவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை, அதுதான் விஷயம். கிஹானோ சொன்ன வரிசையை ஒரு நிமிஷத்தில் பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சிரிப்பைப் பாருங்கள்.

வன்முறையை நியாயப்படுத்துகிறதா அந்தப் படம்?

ஃபனோன் சொல்வது, காலனியாதிக்கமே வன்முறையால் நிறுவி வன்முறையால் காப்பாற்றப்படுவது, அதனால் திரும்ப வருவதும் அதுவாகத்தான் இருக்கும் என்று. அது நோயறிதல், மருந்துச் சீட்டு இல்லை என்று சிலர் சொல்வார்கள். சீட்டும்தான் என்று சிலர் சொல்வார்கள். புத்தகத்தின் கடைசி அத்தியாயம் அவருடைய நோயாளிகள் பற்றியது. கொன்றவர்களுக்குத் தூக்கம் வரவில்லை என்பதையும் எழுதிய மனிதர் அவர். படம் அந்த அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளவில்லை, அது எனக்குக் குறைதான்.

இன்னொரு குறையும் சொல்லிவிடுகிறேன். போர்ச்சுகல் குண்டு வீசியதில் கை போன ஒரு இளம் தாய் குழந்தைக்குப் பால் கொடுக்கும் காட்சி இருக்கிறது. கேமரா அவளை விட்டு நகர மறுக்கிறது. அதைப் போடலாமா என்று எங்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் நடந்தது. போர் செய்ததைப் பார்க்கத்தான் வேண்டும் என்றார் ஒருவர், அவளிடம் யாராவது கேட்டார்களா என்றார் இன்னொருவர். படத்துக்கு முன்னுரை பேசும் பின்காலனிய ஆய்வாளர் காயத்ரி ஸ்பிவாக்கும், விடுதலைப் போராட்டக் கதைகளில் பெண்கள் எங்கே விடுபடுகிறார்கள் என்பதைத்தான் தொடுகிறார். போட்டோம். ஆனால் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போட்டோம்.

இதில் பாதிப் படங்களை வெள்ளைக்காரர்களே எடுத்திருக்கிறார்களே, அது எப்படிக் காலனிய எதிர்ப்பு?

நியாயமான கேள்வி. 1965-இல் செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேன், இனவரைவியல் படங்களுக்கு, அதாவது ஒரு சமூகத்தின் வாழ்க்கை முறையைப் பதிவு செய்யும் படங்களுக்கு, பேர் போன பிரெஞ்சு இயக்குநர் ழான் ரூஷிடம் நேருக்கு நேராகவே சொன்னார்: எங்களைப் பூச்சிகளைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறீர்கள் என்று. ரூஷ் ஆப்பிரிக்காவை நேசித்தவர் என்பதில் சந்தேகமே இல்லை, அதனால்தான் அந்தப் பேச்சு இன்னும் சுடுகிறது.

ஆனால் "ஏன் அவர்களே எடுத்தார்கள்" என்பதற்குச் சட்டப்படியே ஒரு பதில் இருக்கிறது, மேலே சொன்ன லவால் ஆணை. போலன் சூமனு வியேரா பாரிசில் சினிமா படித்த ஆப்பிரிக்கர். ஊருக்குப் போய்ப் படமெடுக்க அனுமதி கிடைக்காததால் 1955-இல் நண்பர்களோடு பாரிசிலேயே அங்குள்ள ஆப்பிரிக்கர்களை வைத்து 'ஆஃப்ரிக் சூர் சேன்' எடுத்தார். சேன் நதிக்கரை ஆப்பிரிக்கா. தன் ஊரை எடுக்க முடியாதவன் தன்னை ஆள்கிறவனின் ஊரை எடுத்தான்!

இதற்கு நேரடியான வழியைக் கண்டுபிடித்தவர் அமில்கர் கப்ரால். கினி-பிசாவில் போர்ச்சுகலை எதிர்த்துப் போரிட்ட தலைவர், தொழிலால் வேளாண் பொறியாளர். போர் உச்சத்தில் இருக்கும் 1967-இல் நான்கு இளைஞர்களை கியூபாவுக்கு அனுப்பினார், துப்பாக்கிப் பயிற்சிக்கு இல்லை, சினிமா படிக்க. சனா நா ஹாடா, ஃப்ளோரா கோமஸ், ஜோஸே பொலாமா, ஜோசஃபினா கிராட்டோ. ஃப்ளோரா ஆண், ஜோசஃபினாதான் பெண், பலரும் மாற்றிச் சொல்கிறார்கள். திரும்பி வந்து காட்டையும் போரையும் பள்ளிக்கூடங்களையும் எடுத்தார்கள். 1973 ஜனவரியில் கப்ரால் கொல்லப்பட்டார், அதே செப்டம்பரில் நாடு தன் விடுதலையை அறிவித்தது. கப்ரால் எடுக்கச் சொன்ன படங்களில் பலவும் முடிக்கப்படாமலே கிடந்தன.

அந்த ரீல்கள் என்ன ஆயின என்பதுதான் ஃபிலிப்பா சேசர் 2017-இல் எடுத்த 'ஸ்பெல் ரீல்'. பழைய அசிட்டேட் ஃபிலிம் கெட்டுப்போகும்போது டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை மூக்கைத் துளைக்கும், ஃபிலிம் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். வெயிலும் ஈரமும் உள்நாட்டுப் போரும் தின்றது போக மிஞ்சியதை பெர்லினுக்குக் கொண்டுபோய் டிஜிட்டல் செய்து, பிறகு எடுத்த ஊர்களுக்கே வண்டியில் கொண்டுபோய்த் திரையிட்டார்கள். படமெடுத்தவர்களே மைக் பிடித்துப் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னார்கள். மார்க்கரின் 'சான் சொலெய்' பார்த்தவர்களுக்கு ஒரு தகவல்: அதில் வரும் பிசாவ் திருவிழாக் காட்சிகள் சனா நா ஹாடா எடுத்தவை.

பழைய காட்சிகள் எல்லாம்தான் யூடியூபில் கிடைக்கிறதே, காப்பகம் காப்பகம் என்று ஏன் இவ்வளவு பேச்சு?

பார்க்கக் கிடைக்கிறது, சரி. 2014-இல் பிரிட்டிஷ் பாதே என்ற பழைய நியூஸ்ரீல் நிறுவனம் 85,000 படங்களை ஒரேயடியாக யூடியூபில் ஏற்றியது. ஆனால் அதை எடுத்து உங்கள் படத்தில் வைக்க வேண்டுமென்றால் காசு. எங்கள் தாத்தா கூட்டத்தில் நிற்கிற காட்சியானாலும் காசுதான்.

ராவுல் பெக் ஹைட்டியில் பிறந்தவர், சிறுவயதில் காங்கோவில் வளர்ந்தவர். அவருடைய அம்மா தலைநகரின் மேயர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். காங்கோவின் முதல் பிரதமர் பத்ரிஸ் லுமும்பா பற்றி 1990-இல் 'லுமும்பா: ஒரு தீர்க்கதரிசியின் மரணம்' எடுத்தார். காங்கோவுக்குப் போக முடியாத நிலை, அதனால் காங்கோவை ஆண்ட பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸல்ஸின் குளிர்காலத் தெருக்களில் எடுத்தார். ஒரு இடத்தில் அமைதியாகக் கணக்குச் சொல்கிறார்: பிரிட்டிஷ் நியூஸ்ரீல் நிறுவனம் பழைய காட்சிக்கு நிமிஷத்துக்கு 3,000 டாலர் கேட்கிறது, ஒரு காங்கோக்காரரின் வருஷ வருமானம் 150 டாலர். கொலை செய்யப்பட்ட உங்கள் தலைவரின் முகத்தை ஒரு நிமிஷம் பார்க்க இருபது வருஷச் சம்பாத்தியம். எந்தப் பொருளாதார நூலும் எனக்கு இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

(லுமும்பா 1961 ஜனவரி 17 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். உடலை ஒரு பெல்ஜியப் போலீஸ் அதிகாரி அமிலத்தில் கரைத்தார், பல்லை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த ஒரு தங்கப் பல் 2022 ஜூனில்தான் குடும்பத்திடம் வந்தது. இந்தக் கதையை ஜாஸ் இசையோடு சேர்த்துச் சொல்லும் 'சவுண்ட்டிராக் டு எ கூ தெத்தா' 2024-இல் வந்தது, இரண்டரை மணி நேரம், எடிட்டிங் வேகத்தில் தலை சுற்றும். பெக் படத்தைப் பார்த்துவிட்டு அதற்குப் போங்கள்.)

பாலஸ்தீன இயக்கத்தின் திரைப்படப் பிரிவு சேர்த்து வைத்திருந்த காப்பகம் 1982 பெய்ரூட் போரில் காணாமல் போனது. அந்த ரீல்களைத் தேடுவதைப் பற்றியே பிறகு பல படங்கள் வந்துவிட்டன. அந்தக் காலத்தில் நம் ஊர் டூரிங் கொட்டகையில் படம் தொடங்கத் தாமதமானால் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: பெட்டி வந்துவிட்டதா? இந்தப் படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கும் அந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. கேமரா யாரிடம் இருந்தது என்பது பாதிக் கதை, பெட்டி இப்போது யாரிடம் இருக்கிறது என்பது மீதி.

தமிழில் இப்படி யாராவது செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார், அதுவும் வோத்தியேவுக்குப் பத்து வருஷம் முன்னால். கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ.கே. செட்டியார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று பேர் வாங்கியவர், பிற்காலத்தில் 'குமரி மலர்' நடத்தியவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்துவிட்டு, 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் இருக்கும்போது அவருக்கு ஒரு யோசனை வருகிறது: காந்தி பற்றி ஓர் ஆவணப்படம். வயது இருபத்தைந்து.

காந்தியைப் புதிதாகப் படம்பிடிப்பது மட்டும் இல்லை அவர் திட்டம். முப்பது வருஷமாக உலகம் பூராவும் ஏறக்குறைய நூறு கேமராக்காரர்கள் காந்தியை எடுத்த துண்டுகள் அங்கங்கே சிதறிக் கிடந்தன. அதைத் தேடி ஒரு லட்சம் மைல் சுற்றினார். 50,000 அடி ஃபிலிம் சேர்த்தார். அதில் 12,000 அடியைத் தொகுத்துத் தமிழ் வர்ணனையோடு 1940 ஆகஸ்டில் சென்னையில் வெளியிட்டார். கணக்குப் போட்டால் சுமார் இரண்டேகால் மணி நேரம். உலகப் போர் நடக்கிறது, ஆட்சி பிரிட்டிஷாருடையது, அந்த நேரத்தில் முழுநீளக் காந்தி படம்! பிறகு அரசு பறிமுதல் செய்துவிடும் என்ற பயத்தில் பிரதிகளை ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று. இந்திப் பதிப்பு 1947 ஆகஸ்டில், விடுதலை நேரத்தில், டெல்லியில் காட்டப்பட்டது. ஆங்கிலப் பதிப்பு 1953-இல் அமெரிக்காவில். அந்தத் தமிழ்ப் பிரதி தொலைந்துபோனது. வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதியின் தேடலில் பிற்பாடு ஓர் ஆங்கிலப் பதிப்பு மட்டும் கிடைத்தது. எங்கே? சான் பிரான்சிஸ்கோவில், ஒரு பல்கலைக்கழகத்தில்.

படத்தைத் தேடிய கதையைச் செட்டியாரே எழுதியிருக்கிறார், 'அண்ணல் அடிச்சுவட்டில்'. எந்த ஊரிலும் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாத நடை. நான் கொடுக்கும் முதல் வீட்டுப்பாடம் எப்போதும் அந்தப் புத்தகம்தான்.

'லா ஓரா தெ லோஸ் ஓர்னோஸ்' நாலே கால் மணி நேரமாமே, முழுசும் பார்க்கணுமா?

முதல் பகுதி போதும், ஒன்றரை மணி நேரம். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி நடக்கும்போது சொலானாஸும் கெட்டினோவும் ரகசியமாக எடுத்து 1968-இல் முடித்த படம். அங்கேயும் ரகசியமாகத்தான் திரையிட்டார்கள், வீடுகளில், தொழிற்சங்க அறைகளில். நடுவில் படத்தை நிறுத்தி விவாதம் நடத்தச் சொல்லி இயக்குநர்களே இடம் விட்டிருப்பார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு பேனர்: வேடிக்கை பார்க்கிறவன் ஒவ்வொருவனும் கோழை, அல்லது துரோகி. ஃபனோன் வாக்கியம். போலீஸ் வந்தால் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள் என்ற நிலையில் அந்த பேனருக்கு அர்த்தமே வேறு. முதல் பகுதி இறந்த சே குவேராவின் முகத்தில் முடிகிறது, நிமிஷக்கணக்கில் அந்த ஒரே முகம்.

பின்பகுதிகளில் அந்நாட்டின் முன்னாள் அதிபர் பெரோனின் புகழ் தாங்கவில்லை. ஆதிக்கத்தை எதிர்த்து எடுத்த படமே ஒரு தலைவரை இப்படித் தூக்கிச் சுமக்கும்போது நமக்கு அலுப்பாக இருக்கிறது, நாம்தான் இதை நிறையப் பார்த்திருக்கிறோமே.

கொள்ளையடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கு தீர்ந்துவிடுமா?

மாட்டி டியோப் எடுத்த 'தஹோமே' முழுக்க இந்தக் கேள்விதான். 2024 பெர்லின் விழாவில் தங்கக் கரடி வாங்கியது, 68 நிமிஷம். 1892-இல் பிரெஞ்சுப் படை தஹோமே அரண்மனையிலிருந்து அள்ளிக்கொண்டு போனதில் 26 பொருட்களை 2021 நவம்பரில் பெனின் நாட்டுக்கு (பழைய தஹோமே இருந்த இடம்) திருப்பிக் கொடுத்தார்கள். 26-ஆம் எண் கொண்ட மன்னர் சிலையே பேசுவது போல இயக்குநர் அமைத்திருக்கிறார், உள்ளூர் ஃபோன் மொழியில் பாதாளத்திலிருந்து வருவது போன்ற குரல். சிலையைப் பெட்டிக்குள் வைத்து மூடும்போது கேமராவும் உள்ளே போய்விடுகிறது. திரை கறுப்பு. திருகாணி இறங்கும் சத்தம் மட்டும்.

அதன் பிறகு அபோமே-கலவி பல்கலைக்கழக மாணவர்களின் விவாதம், அதுதான் படத்தின் உயிர். ஆயிரக்கணக்கில் எடுத்துக்கொண்டு போய்விட்டு 26-ஐத் தருவது அவமானம் என்கிறார் ஒருவர், ஆரம்பம்தானே என்கிறார் இன்னொருவர். இந்தச் சண்டை பெரும்பாலும் பிரெஞ்சு மொழியில் நடக்கிறது. அதையும் கவனியுங்கள்.

எங்கள் ஊரிலும் போட ஆசை. என்ன வேண்டும்?

வாடகை புரொஜக்டர், நல்ல ஸ்பீக்கர், வெள்ளை வேட்டி. இரட்டை வேட்டியாக இருந்தால் நல்லது, ஒற்றை வேட்டியில் வெளிச்சம் ஊடுருவிப் போகும். திரையிடும் உரிமைக்கு இயக்குநருக்கோ விநியோகஸ்தருக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள், சின்னக் குழு என்றால் பலர் இலவசமாகவே தருவார்கள். பெரிய தலைவலி தமிழ் சப்டைட்டில், அநேகமாக எதற்கும் கிடையாது. நாங்கள் 'ஆஃப்ரிக் 50'-க்கு நாங்களே போட்டோம், இரண்டு பேர், நான்கு இரவு. முடியாதபோது ஒருவர் மைக் பிடித்துப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே போவார். கினி-பிசாவ் கிராமங்களில் செய்ததும் அதுதான். தொண்டை வறண்டுவிடும், பக்கத்தில் தண்ணீர் வையுங்கள்.